குளம் நிறைந்தும் வயல் காய்வதேன்? கணினிக் களஞ்சியத்தின் வேகம் பற்றிய விளக்கம்

மன்னார்த் தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து பெருநிலப் பரப்பினுட் செல்வோர் கட்டுக்கரைக் குளத்தை அறிவர். அநுராதபுரத்தைக் கடந்து வரும் அருவி ஆற்றின் நீர் தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டு, வாய்க்கால் வழியாக இக்குளத்தை அடைகின்றது. குளத்திலிருந்து துருசுகள் வழியாக வெளிப்படும் நீர், நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களையும் அவற்றின் கீழுள்ள வயல்களையும் சென்று சேர்கின்றது. மாரி மழை சில திங்களே பெய்யும் ஒரு மாவட்டத்திற்கு இவ்வமைப்பே உயிர்நாடியாகும்.

இத்தகைய நீர்ப்பாசனத்தில் ஓர் உண்மை உண்டு. கமக்காரர் எல்லோரும் அனுபவத்தால் அறிந்த உண்மை அது. குளம் நிறைந்திருக்கும், ஆயினும் வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள வயல் காய்ந்து கிடக்கும். காரணம் யாது? நீர் இல்லாமையன்று. துருசு ஒடுங்கியிருக்கலாம், வாய்க்காலில் மண் படிந்திருக்கலாம், எல்லோரும் ஒரே நாளில் நீர் கேட்டிருக்கலாம், மேல்மடைக்காரர் அளவுக்கு மிஞ்சிப் பாய்ச்சியிருக்கலாம். இவற்றுள் எது காரணம் என்று ஆராயாமல், குளக்கட்டை இன்னும் உயர்த்தினால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொல்வாராயின், அவரை நாம் விவரம் அறிந்தவர் என்று கொள்ள மாட்டோம்.

ஆனால், இதே தவற்றை இக்காலத்து அலுவலகங்கள் வேறொரு துறையிற் செய்வதுண்டு. அத்துறை கணினியாகும். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள், காணி விவரங்கள், வைத்தியசாலை ஏடுகள், பரீட்சைப் பெறுபேறுகள் ஆகிய யாவும் இன்று தடித்த பேரேடுகளை விட்டுக் கணினிக்குள் குடிபுகுந்து வருகின்றன. இவற்றை ஒழுங்குபடுத்தி வைத்து, கேட்டபோது எடுத்துத் தரும் அமைப்பைத் தரவுத்தளம் என்பர். தலைமன்னாரிலிருந்து ஒருநாட் கடற்றொழிலை விட்டுவிட்டு ஒரு பிரதிக்காக வந்த மீனவர் கருமபீடத்தின் முன் நிற்கின்றார். எழுதுவினைஞர் விசையை அழுத்துகின்றார். திரை அசைவற்று இருக்கின்றது. பத்து நிமிடம் கழிகின்றது. "மெசின் மெதுவாக வேலை செய்கிறது, ஐயா, கொஞ்சம் இருங்கள்" என்கிறார் எழுதுவினைஞர். அலுவலகமோ, பெரிய களஞ்சியம் ஒன்று வாங்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதுகின்றது.

இது சிறிய காரியமன்று. 1990 ஒக்டோபரில் மன்னார் உட்பட வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், போர்க்காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்து பட்ட துன்பத்தை இம்மாவட்டம் நன்கறியும். ஏட்டில் உள்ள ஒரு வரியே ஒரு மனிதன் இன்னான் என்பதற்கும், இந்நிலம் இன்னாருக்கு உரியது என்பதற்கும் சான்றாகின்றது. அந்த வரி விரைவாகக் கிடைக்க வேண்டும். ஒருபோதும் தொலையாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பேணுவதே களஞ்சியத்தைச் சீர்செய்யும் கலையாகும்.

களஞ்சியம் என்பது யாது என்பதை முதலில் நோக்குவோம். கணினியின் நிரந்தரக் களஞ்சியமாக நெடுங்காலம் விளங்கி வருவது வன்தட்டு. காந்தப் பூச்சுப் பூசிய தட்டுகள் ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்கின்றன. ஒரு சிறு கை அவற்றின் மேல் அங்குமிங்கும் நகர்ந்து, எழுதியதைப் படிக்கின்றது, புதியதை எழுதுகின்றது. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் களஞ்சியத்தில் ஐம்பது தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டடி விட்டமுள்ளது. அவை யாவுஞ் சேர்ந்து கொண்டவை ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. வேண்டிய இடத்தை அடையக் கைக்குச் சராசரி 600 மில்லிசெக்கன் பிடித்தது. மில்லிசெக்கன் என்பது ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு கூறாகும்.

இன்றைய வன்தட்டு ஒன்று உள்ளங்கையளவுப் பெட்டியில் இருபது இலட்சம் கோடி எழுத்துக்களைக் கொள்ளும். கொள்ளளவு நாற்பது இலட்சம் மடங்கு பெருகிவிட்டது. வேகமோ? நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கின்றது. வேண்டிய எழுத்து கையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெக்கன் ஆகும். கை நகர்வதற்கு மேலும் 8 மில்லிசெக்கன். ஆகவே சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் எடுக்க ஏறத்தாழ 12 மில்லிசெக்கன் வேண்டும். 600 மில்லிசெக்கன் 12 ஆகியது. ஐம்பது மடங்கே முன்னேற்றம். குளம் கடலாகப் பெருத்தது. துருசு அந்த அளவுக்கு அகலவில்லை. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வன்தட்டு வரலாற்றின் சாரம் இதுவே.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கின்றது. ஒரு வேண்டுகைக்கு 12 மில்லிசெக்கன் ஆயின், ஒரு வன்தட்டு ஒரு செக்கனில் ஏறத்தாழ 80 வேண்டுகைகளையே நிறைவேற்றும். தரவுத்தளங்கள் பல, ஒரு வேண்டுகைக்கு 8 கிலோபைற்றுக் கொண்ட ஒரு பக்கத்தை எடுக்கின்றன. எண்பது பக்கம் என்றால் 640 கிலோபைற்று. ஆனால் அதே தட்டு, கையை நகர்த்தாமல் அடுத்தடுத்த பக்கங்களை வரிசையாகப் படிக்குமாயின், செக்கனுக்கு 150 மெகாபைற்றுக்கு மேலும் தரவல்லது. இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! ஒரே தட்டு, ஒரே கை. கேட்கும் முறைதான் வேறு. வன்தட்டின் விளம்பரத்தில் 150 மெகாபைற்று என்று கண்டு வாங்கியவர், தம் அலுவலகத்தில் ஒரு மெகாபைற்றுக்கூட வரவில்லையே என்று திகைப்பது இதனாலேதான்.

ஒரு தட்டு போதாதபோது பல தட்டுகளை ஒரு பேழையில் அடுக்கி, ஒளியிழைகளால் தரவுத்தளக் கணினிகளோடு இணைக்கின்றனர். இதனைக் களஞ்சிய வலையமைப்பு என்பர். பேழை குளமாகும், ஒளியிழை வாய்க்காலாகும், தரவுத்தளம் வயலாகும். தரவைப் பல தட்டுகளில் பங்கிட்டு எழுதினால், பல கைகள் ஒரே நேரத்தில் உழைக்கும். ஒரு தட்டுப் பழுதானாலும் தரவு பிழைக்கும் வகையில் இவ்வாறு பங்கிடும் முறைகளை 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து அறிஞர்களான பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவரும் வகுத்துரைத்தனர். றெயிட் என்னும் பெயரால் அவை உலகெங்கும் வழங்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓர் அலுவலகத் தரவுத்தளம் செக்கனுக்கு 2000 சிதறிய வேண்டுகைகளை எழுப்புகின்றது என்க. அதன் தரவு முழுவதும் ஒரே வன்தட்டில் அடங்கும். கொள்ளளவை மட்டும் நோக்குபவர், இரண்டு தட்டுகள் போதும் என்பார். அவை தரக்கூடியவை 160 வேண்டுகைகளே. எல்லாம் படிக்கும் வேண்டுகைகளாயின் 25 தட்டுகள் வேண்டும். அவற்றுள் 500 எழுதும் வேண்டுகைகளாயின் கணக்கு மாறும். ஒவ்வொன்றையும் இரு தட்டுகளில் இரட்டித்து எழுதும் முறையில், ஓர் எழுத்துக்கு இரண்டு வேலை. அப்போது 32 தட்டுகள் வேண்டும். இடத்தைச் சிக்கனப்படுத்தும் சமநிலைக் குறியீட்டு முறையிலோ, ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் பழைய தரவைப் படித்தல், பழைய குறியீட்டைப் படித்தல், இரண்டையும் புதிதாய் எழுதுதல் என நான்கு வேலை. அப்போது 44 தட்டுகள் வேண்டும். இடத்தில் மிச்சம் பிடித்தவர் நேரத்தில் அதனைச் செலுத்துகின்றார்.

வாய்க்காலைப் பற்றி என்ன? 2000 வேண்டுகைகள், ஒவ்வொன்றும் 8 கிலோபைற்று. மொத்தம் 16 மெகாபைற்று. சாதாரண ஒளியிழை இணைப்பு ஒன்று செக்கனுக்கு 800 மெகாபைற்றுக் கொண்டு செல்லும். அதில் ஐம்பதிலொரு பங்கே பயன்படுகின்றது. இந்நிலையில் வாய்க்காலை இரட்டிப்பாக அகலப்படுத்துவதால் ஒரு துளி நீரும் கூடுதலாக வராது. மாறாக, இரவில் முழுத் தரவையும் வரிசையாகப் படித்துப் பிரதியெடுக்கும் வேளையில், ஐம்பது தட்டுகளின் வெள்ளத்தை ஒரே வாய்க்கால் தாங்காது. அப்போது குறை வாய்க்காலிலேதான். ஒரே அமைப்பில் பகலில் ஓரிடமும் இரவில் வேறோரிடமும் ஒடுங்கியிருக்கும். ஆதலின், அளந்து பாராமல் மருந்து சொல்லுதல் ஆகாது.

அளக்கும்போது முதலிற் கவனிக்க வேண்டியது வரிசையாகும். மன்னார்க் கரையினர்க்கு இதனை விளக்க முத்துச் சலாபமே போதும். 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. நிலக்காற்றில் இரவே புறப்பட்ட தோணிகள், முத்துக்குளிப்பு முடிந்து கடற்காற்றில் ஒருங்கே கரை திரும்பும். சிப்பிகள் யாவும் கொட்டு என்னும் அடைப்பினுட் கொண்டுவரப்பட்டு, எண்ணிப் பங்கிடப்பட்ட பின்னரே ஏலத்துக்கு வரும். எண்ணுவோர் காலை முழுதும் சும்மா இருந்து, பின்னர் மூச்சுவிடவும் நேரமின்றித் தவிக்கக்கூடிய ஓர் ஏற்பாடு அது. அத்தகைய இடத்தில் நாள் முழுவதன் சராசரியை எடுத்து, "வேலை மிகுதியில்லை" என்று ஒருவர் முடிவு கூறின் அது மெய்யாகுமா?

வன்தட்டும் அத்தகையதே. வேண்டுகைகள் ஒழுங்கின்றி வந்து சேரும்போது, தட்டு தன் நேரத்திற் பாதிப்பங்கு உழைக்குமாயின், 12 மில்லிசெக்கன் வேலை காத்திருப்போடு சேர்ந்து 24 ஆகும். ஐந்தில் நான்கு பங்கு உழைக்குமாயின் 60 ஆகும். பத்தில் ஒன்பது பங்காயின் 120 ஆகும். தட்டு பழுதாகவில்லை, கை மெதுவாகவில்லை, வரிசை மட்டுமே நீண்டது. ஆகவே, தட்டுகளை முழு மூச்சாக உழைக்க வைப்பது சிக்கனம் என்று எண்ணுவோர், கருமபீடத்தின் முன் நிற்போரின் நேரத்தைத் தம் கணக்கிற் சேர்க்க மறந்தவராவர். பொதுமக்கள் சேவைக்குரிய களஞ்சியத்தில் சற்று ஓய்வு நேரம் இருத்தல் வேண்டும்.

அடுத்து, யார் யார் ஒரே குளத்தில் நீர் எடுக்கின்றனர் என்று பார்க்க வேண்டும். ஒரே பேழையின் ஒரே தட்டுகளைப் பதிவேட்டுத் தரவுத்தளமும், கடிதப் போக்குவரத்தும், பிரதியெடுக்கும் வேலையும் பங்கு போட்டுக்கொள்வதுண்டு. முற்பகல் பத்து மணிக்குப் பிரதியெடுப்புத் தொடங்கினால், வரிசையாகச் செல்ல வேண்டிய கை இருபக்கமும் இழுபட்டு, இரு வேலையும் கெடும். அதனை இரவுக்கு மாற்றுவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு கட்டளை போதும். வரம்பு பிசகுவதும் ஒரு குறையே. பழைய கணினிகளில் தட்டின் பிரிவு 63 என்னும் எண்ணுடைய துண்டிலிருந்து தொடங்கும் வழக்கம் இருந்தது. பேழை தரவைப் பங்கிடும் எல்லையோடு அது பொருந்தாது. அதனால் ஒரு தட்டில் முடிய வேண்டிய வேண்டுகைகளுட் சில இரண்டு தட்டுகளை எழுப்பின. வரப்பின் மேல் விதைத்த நெல்லைப் போன்றது இது. தொடக்கத்தை எல்லைக்கு நேராக்கினால் இக்குறை நீங்கும்.

கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள சிறு குளங்கள் மற்றுமொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. வயலுக்கு அண்மையிலேயே நீர் இருக்குமாயின், ஒவ்வொரு முறையும் பெருங்குளத்துத் துருசைத் திறக்க வேண்டியதில்லை. கணினியின் நினைவகமே அச்சிறு குளமாகும். அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை அங்கே வைத்தால் தட்டுக்கு வேலையே இல்லை. எதனை அங்கு வைப்பது? 1987-ஆம் ஆண்டில் ஜிம் கிறே, பிராங்கோ புற்சோலு என்னும் இருவர் இதற்கு ஒரு விதி கூறினர். அக்காலத்து விலைகளின்படி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையேனும் தேவைப்படும் பக்கத்தை நினைவகத்தில் வைத்திருத்தலே மலிவு என்பது அவ்விதி. விலைகள் மாறிவிட்டன, தட்டின் கையை நகர்த்துவதற்கும் ஒரு விலை உண்டு என்னும் அவ்விதியின் கருத்து மாறவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சேமிப்பு, வீணாகக் கேளாதிருத்தலே. பத்து இலட்சம் பிறப்புப் பதிவுகளுள் ஒன்றைத் தேடுவதற்கு, பெயர்ச்சுட்டி இல்லாத தரவுத்தளம் முதற்பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை புரட்டும். பக்கத்துக்கு நாற்பது பதிவுகள் எனக் கொண்டால் இருபத்தையாயிரம் பக்கங்கள். முறையான சுட்டி இருக்குமாயின் மூன்று அல்லது நான்கு பக்கங்களே போதும். ஐம்பது மில்லிசெக்கனுக்குள் விடை கிடைக்கும். சுட்டியில்லாத ஒரு கேள்விக்காகப் பேழை முழுவதையும் மாற்றுவது, வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் புதுக் குளம் வெட்டுவதற்கு ஒப்பாகும்.

இதுவரை வேகத்தைப் பற்றிச் சொன்னோம். இனி, தொலையாமை பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கியல் பயின்றோர் நாளேடும் பேரேடும் அறிவர். கொடுக்கல் வாங்கல் முதலில் நாளேட்டில் நிகழ்ந்த வரிசையிற் பதியப்படும். பின்னரே பேரேட்டில் உரிய இடத்துக்குப் போகும். தரவுத்தளமும் அவ்வாறே செய்கின்றது. மாற்றம் எதுவாயினும் முதலில் நாளேட்டில் எழுதப்பட்டு, அது தட்டிற் பதிந்த பின்னரே "பதியப்பட்டது" என்று விடை தரப்படும். இடையில் மின்சாரம் நின்றாலும், நாளேட்டைப் படித்துப் பேரேட்டைத் திருத்திக்கொள்ளலாம். இம்முறையை முழுமையாக வகுத்து, ஏரீஸ் என்னும் பெயரால் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்டவர், சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்று ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய சி. மோகனும் அவருடைய சகாக்களுமாவர். இன்றைய பெருந் தரவுத்தளங்கள் பலவும் அதன் வழி நிற்கின்றன.

நாளேடு எப்போதும் வரிசையாகவே எழுதப்படுவது. ஆகவே அதற்கெனத் தனித் தட்டு ஒதுக்கினால் கை அசையாமல் விரைந்து எழுதும். பேரேட்டுத் தட்டிலேயே அதனையும் வைத்தால், சிதறிய வேண்டுகைகளின் நடுவே அதுவும் இழுபடும். ஒவ்வொரு பதிவும் அதற்காகக் காத்திருக்கும். சீர்செய்வோர் முதலில் பிரிக்க வேண்டியது இதனையே.

இங்குதான் ஓர் ஆபத்தான குறுக்குவழி உண்டு. தட்டிற் பதியுமுன்பே "பதியப்பட்டது" என்று விடை கூறும்படி களஞ்சியத்தை அமைக்கலாம். வேகம் பன்மடங்கு பெருகும், எல்லோரும் மகிழ்வர். மின்சாரம் திடீரென நிற்கும் ஒரு நாளில், நினைவகத்தில் மட்டும் இருந்த பதிவுகள் தடயமின்றி மறையும். அன்று பிறந்த குழந்தையின் பெயர் அவற்றுள் ஒன்றாயிருக்கலாம். தாமதமான விடையை மறுநாளும் பெறலாம். இல்லாத ஒன்றை உண்டென்று சொன்ன விடைக்குப் பரிகாரமில்லை. மின்கலத்தாற் காக்கப்பட்ட நினைவகம் பேழையில் இருந்தால் மட்டுமே இவ்வேகம் நேர்மையான வேகமாகும். மின்கலம் நல்ல நிலையில் உள்ளதா என்று காலந்தோறும் சோதிப்பதும் கடமையாகும்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னார்க் கரையையும் தாக்கியது. கட்டடத்தோடு ஏடும் போகக்கூடிய கரை இது. ஆகவே பதிவின் பிரதி ஒன்று தொலைவில் இருத்தல் வேண்டும். அதற்கும் விலை உண்டு. ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிசெக்கனில் 200 கிலோமீற்றர் செல்லும். மன்னாரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். போய்வர 3 மில்லிசெக்கன். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதனைக் குறைக்க இயலாது. ஒவ்வொரு பதிவுக்கும் இந்த 3 மில்லிசெக்கன் காத்திருப்பதா, அன்றிச் சற்றுப் பிந்திய பிரதியை ஏற்பதா என்று தீர்மானிப்பது பொறியியலாளரின் வேலை மட்டுமன்று. பதிவுக்குப் பொறுப்பானவரின் வேலையுமாகும்.

இன்று சுழலாத, கையில்லாத மின்னணுக் களஞ்சியங்கள் வந்துள்ளன. 12 மில்லிசெக்கன் வேலையை ஒரு மில்லிசெக்கனின் பத்திலொரு கூற்றில் அவை முடிக்கின்றன. அப்படியாயின் மேற்கூறியன யாவும் பழங்கதையாகுமா? ஆகா. துருசு அகன்றதும் வாய்க்கால் ஒடுங்கியதாகிவிடும். வரிசையின் விதி அப்படியே இருக்கும். சுட்டியில்லாத கேள்வி அப்போதும் வீண் கேள்வியே. பொய்யான "பதியப்பட்டது" அப்போதும் பொய்யே.

முடிவாக, முறை இது: முதலில் அளக்க வேண்டும், சராசரியை மட்டுமன்றி, கூட்டம் மிகுந்த நேரத்தையும் அளக்க வேண்டும். எங்கே காத்திருப்பு நேருகின்றது என்று காண வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். மீண்டும் அளக்க வேண்டும். பணம் செலவாகாத திருத்தங்களை முதலிலும், வாங்குவதை இறுதியிலும் வைக்க வேண்டும். கொள்ளளவைச் சொல்லி விற்க வருவோரிடம், செக்கனுக்கு எத்தனை வேண்டுகை, எத்தனை மில்லிசெக்கன், மின்சாரம் நின்றால் என்னாகும் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இவற்றைக் கேட்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. கருமபீடத்தின் முன் நிற்பவரின் ஒரு நாட் கூலியை நினைவில் வைத்திருந்தாற் போதும்.